புடலம் பிஞ்சில் ஒரு கல்

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896இல் ரப்பர் நட்டார். பின்னர் பால்மரக் காடுகள் பெருகின. வேலைக்கு வந்த தமிழர்கள் லயத்துக்குப் பின்னால் கிடைத்த துண்டு மண்ணில் முருங்கை, கத்தரி, புடலை போட்டார்கள். ஜாசின், அலோர் காஜா தாமான் வீடுகளின் வேலியோரத்தில் இன்றும் அந்தப் பழக்கம் பச்சையாக நிற்கிறது.

பேச்சும் அங்கேதான்.

"பாகல் பிஞ்சிலேயே பழுத்து விழுதுக்கா."

"பழ ஈ குத்தியிருக்கும். பூ வாடுனதும் காகிதப் பை மாட்டிவிடு. விழுந்ததை அப்படியே போட்டுவைக்காதே."

அனுபவம் சொல்லும் இந்த வார்த்தை அறிவியலுக்கும் பொருந்தும்: விழுந்த காயிலுள்ள புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும்.

எல்லாவற்றிலும் அழகு புடலைதான். நூல் பிரிந்தாற்போன்ற வெள்ளைப்பூ பொழுது சாய்ந்தபின் விரியும். அந்துப்பூச்சிகள் தேடி வரும். பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் காய் சுருளாமல் நேராக நீளும். கயிறு இறுகினால் பிஞ்சு அறுந்துவிடும். அந்தப் பதம் விரலுக்குத்தான் தெரியும்.

ஆண்டுத் தொடக்கத்தில் மழை குறையும். 1991இல் மலாக்காவின் துரியான் துங்கால் அணையே வற்றியது. அதனால் அரிசி கழுவிய நீரைக் கொட்டாமல் வேருக்கு ஊற்றுங்கள். பந்தலில் ஒரு காயையாவது முற்றவிட்டு, விதையைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.