தென்காசிக் கல்வெட்டும் மின்படி மேற்கோளும்

தென்காசி விசுவநாதர் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தே அதனைப் பழுது நீக்கிக் காப்போர் அடிகளைத் தான் பணிவதாகப் பாட்டிற் பொறித்து வைத்தான். இப்பதினைந்தாம் நூற்றாண்டுப் பாட்டைத் தென்காசி பற்றி எழுதுவோர் பலரும் எடுத்தாள்வர். எங்கிருந்து எடுத்தனர் என்பதே நம் வினா. அண்மையில் நாம் பார்த்த ஆய்வேடுகள் சில, அடிக்குறிப்பில் ஒரு வலைத்தள முகவரியை மட்டுமே தருகின்றன. அவற்றுட் சில இன்று திறப்பதில்லை.

கல்லிலுள்ள வாசகம் வேறு. அதன் மைப்படி வேறு. கல்வெட்டு ஆண்டறிக்கை தருவது பிறிதொன்று. ஆண்டறிக்கையில் உள்ளது ஆங்கிலச் சுருக்கமே. மூலம் 1890 முதல் வெளிவரும் 'தென்னிந்தியக் கல்வெட்டுக்கள்' தொகுதிகளிற் காணத்தக்கது. அச்சேறாதனவும் மிகப் பல. ஆண்டறிக்கையை மின்படியிற் பார்த்துவிட்டு மூலத்தையே கண்டார் போல எழுதுதல் ஆராய்ச்சியாகாது.

மைப்படிகளும் ஓரிடத்தில் நிலைத்திருப்பன அல்ல. தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளை மைசூரிலிருந்து சென்னைக்குக் கொணருமாறு 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 'மைசூரில் உள்ளது' என்று மட்டும் குறித்த பழைய அடிக்குறிப்பு இனி வழிகாட்டுமோ? ஆண்டும் வரிசை எண்ணும் குறித்திருப்பின், படி எங்கிருப்பினும் தேடிக் காணலாம்.

ஊர்ப்பெயரும் மாவட்டப் பெயரும் இன்னும் இடர் தருவன. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல். அதற்கு முந்திய அறிக்கைகளில் குற்றாலம் திருநெல்வேலி மாவட்டத்து ஊராகவே வரும். அடுத்துள்ள செங்கோட்டையோ 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தொடு இணைந்தது. அதற்கு முந்திய செய்திகளைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வெளியீடுகளில் தேடல் வேண்டும். மின்னூலகத்தில் 'தென்காசி மாவட்டம்' என்று மட்டும் தேடும் மாணவர்க்கு இவை அகப்படாமற் போதல் இயல்பே. பட்டியல் செய்வோர் பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்தே பதிதல் வேண்டும்.

கல்வெட்டாயின், கல் நிற்குமளவும் மீளப் படிக்கலாம். அகழாய்வு அத்தகையதன்று. தென்காசி மாவட்டத்துத் திருமலாபுரத்தில் 2024-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழ்ந்த மண்ணடுக்கை இனி எவரும் காண்டல் இயலாது. களக்குறிப்பேடும் குழி வரைபடமும் நிழற்படமுமே எஞ்சும் சான்றுகள். அச்சிட்ட அறிக்கையை மட்டும் மின்வடிவிற் காத்து இவற்றை விடுதல், பதவுரையைக் காத்து மூலச்சுவடியைக் கரையானுக்கு விடுதலை ஒக்கும்.

ஆதலின் ஆண்டு, வரிசை எண், அச்சுப்பக்கம் ஆகியவற்றை முதலிற் குறித்து, மின்முகவரியையும் பார்த்த நாளையும் பின்னர்த் தருதலே தக்கதெனக் கருதுகிறோம். அச்சுப்பக்கம் என்றது காரணம் பற்றியே: முகப்பும் முன்னுரையும் சேர்தலால், மின்படியின் பக்க எண்ணும் நூலின் பக்க எண்ணும் பெரும்பாலும் ஒவ்வா. பாண்டியன் பாட்டை இம்முறையில் எடுத்தாண்ட ஆய்வேடு, நாம் பார்த்தவற்றுள் ஒன்றேனும் இல்லை.