எட்வர்ட் ஹியூஸின் போர்வரிசை: நிறையும் குறையும்

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் 1782 பிப்ரவரிக்கும் 1783 ஜூனுக்கும் இடையில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனோடு ஐந்து முறை மோதினார். நான்கு போர்கள் தமிழகக் கடலோரத்திலும் திருகோணமலைக்கு அருகிலும், ஒன்று ஈழத்தின் கிழக்குக் கரையோரம் பிராவிடியன் பாறைக்குப் பக்கத்திலும் நடந்தன. ஐந்திலும் அவர் ஒரு போர்க்கப்பலைக்கூட எதிரியிடம் பறிகொடுக்கவில்லை. ஆயினும் அதே பதினாறு மாதங்களில் திருகோணமலை அவர் கையைவிட்டுப் போனது. கடலூரை மீட்கவும் அவரால் முடியவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: எதைச் செய்தாலும் முதலில் படையணியைக் குலையாமல் காப்பது என்ற அவருடைய பழக்கம்.

அந்தப் பழக்கம் நீண்ட பணியில் ஊறியது. 1739இல் போர்ட்டோ பெல்லோ, 1758இல் லூயிஸ்பர்க், 1759இல் கியூபெக் எனப் பெரிய தாக்குதல்களில் பங்கெடுத்தவர் அவர். 1773 முதல் 1777 வரை இந்தியக் கடலில் தலைமை வகித்துத் திரும்பி, இரண்டாம் மைசூர்ப் போர்க் காலத்தில் மீண்டும் அதே பொறுப்பில் இருந்தார். 1780 டிசம்பரில் மங்களூரில் ஹைதர் அலியின் கப்பல்களை அழித்தார். 1781 நவம்பரில் தரைப்படையோடு சேர்ந்து டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தையும், 1782 ஜனவரியில் திருகோணமலையையும் பிடித்தார். எதிர்க்கடற்படை இல்லாத இடத்தில் ஹியூஸ் விரைவாகவும் துணிவாகவும் இயங்கினார் என்பதை இந்த வெற்றிகள் காட்டுகின்றன. சுஃப்ரேன் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

அக்காலப் போர்க்கப்பலின் பீரங்கிகள் இரு பக்கவாட்டிலும் இருந்தன. முகப்பும் பின்புறமும் வலுவற்றவை. எனவே கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி நின்று, ஒவ்வொன்றும் அடுத்ததன் வலுவற்ற இடத்தைக் காத்தன. இதுவே போர்வரிசை. இந்த ஒழுங்கில் நின்று அடிபடும் திறன் ஹியூஸின் மாலுமிகளிடம் வியக்கத்தக்க அளவில் இருந்தது. 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் ஒன்பது கப்பல்களோடு பன்னிரண்டை எதிர்கொண்டார். முந்தைய இரவிலேயே பிரெஞ்சுப் போக்குவரத்துக் கப்பல்களை மடக்கி, படைவீரர்களும் வெடிமருந்தும் ஏற்றிவந்த லாரிஸ்டன் கப்பலைப் பிடித்திருந்தார். மறுநாள் போரில் வரிசையின் பின்முனையில் நின்ற எக்ஸிடர் கப்பல் சல்லடையாகத் துளைக்கப்பட்டும் பணியவில்லை. ஏப்ரல் 12 அன்று பிராவிடியன் பாறைக்கருகே மான்மவுத் கப்பலுக்கும் அதே கதி. பாய்மரங்கள் முறிந்து, 45 பேர் இறந்த பின்னும் அதன் தலைவர் ஜேம்ஸ் ஆம்ஸ் கொடியை இறக்கவில்லை. வரிசை இப்படி நின்றதால்தான் சுஃப்ரேன் தேடிய முழு அழிவு நிகழவே இல்லை.

ஆனால் இந்தப் புகழை ஹியூஸின் கணக்கில் மட்டும் எழுதுவது நேர்மையாகாது. எதிரி வரிசையின் பின்பகுதியை இருபுறமும் சூழ்ந்து நசுக்குவது சுஃப்ரேனின் எண்ணம். சதுரங்கப்பட்டினத்தில் அவருடைய கப்பல்களில் பல, நெருங்கச் சொன்ன ஆணையை மீறி எட்டியே நின்றன. பின்வந்த போர்களிலும் அவருடைய கப்பல்தலைவர்கள் சிலர் அவரைக் கைவிட்டார்கள். அவர்கள் ஆணைப்படி நடந்திருந்தால் போர்வரிசை என்ற கவசம் ஹியூஸைக் காத்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. வரிசைக்கு இன்னொரு குறையும் உண்டு: அது தோல்வியைத் தடுக்கும், வெற்றியைத் தராது. ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு எதிரே, பிரெஞ்சுத் தரப்பு ஆங்கிலேயரைவிட இருமடங்குக்கும் மேல் ஆட்களை இழந்தது. செவேர் என்ற கப்பல் ஒரு கட்டத்தில் பணிந்தே விட்டது. காற்று திடீரெனத் திசைமாறி இரு வரிசைகளும் சிதறியபோது, ஹியூஸ் தம் கப்பல்களை மறுபடி ஒழுங்குபடுத்துவதிலேயே பொழுதைக் கழித்தார். சிதறலையே வாய்ப்பாகக் கொள்ளும் பார்வை அவரிடம் இல்லை.

அவர் செய்த பெரிய தவறு போருக்குள் நிகழ்ந்ததல்ல. நாகப்பட்டினப் போருக்குப் பிந்தைய வாரங்களில் நிகழ்ந்தது. கடலூருக்குப் போன சுஃப்ரேனுக்கு அங்கே கப்பல் பட்டறையோ உதிரி மரமோ இல்லை. சிறு கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெரியவற்றில் பொருத்தி, வீடுகளைப் பிரித்து மரம் எடுத்து, ஆகஸ்ட் 1இல் அவர் மீண்டும் கடலில் இருந்தார். ஹியூஸோ முதலில் படையணியைச் சீர்செய்துகொண்டு, சென்னையிலிருந்து ஆகஸ்ட் 20இல்தான் புறப்பட்டார். செப்டம்பர் தொடக்கத்தில் திருகோணமலைக்கு முன் வந்து பார்த்தால், கோட்டைகளில் பிரெஞ்சுக் கொடி. செப்டம்பர் 3 அன்று நடந்த போரில் பன்னிரண்டு கப்பல்களோடு பதினான்கை எதிர்த்து அவர் சிறப்பாகவே போரிட்டார். போர் எவ்வளவு நன்றாக நடந்தாலும், போன துறைமுகம் திரும்பவில்லை.

வங்கக்கடலின் மேற்குக் கரையை அறிந்தவர்களுக்கு இந்த இழப்பின் எடை புரியும். சென்னை, நாகப்பட்டினம், கடலூர் எல்லாம் திறந்த கரைகள். வாடைக்காற்று தொடங்கினால் அங்கே பெரிய கப்பல் நங்கூரமிட்டு நிற்க முடியாது. இந்தக் கடல் பக்கம் புயலுக்கு ஒதுங்கத் தக்க இயற்கைத் துறைமுகம் திருகோணமலை ஒன்றே. அது இல்லையென்றால் குமரிமுனையைச் சுற்றிப் பம்பாய்க்குத்தான் போகவேண்டும். கப்பலை நீர்வடித்துப் பழுதுபார்க்கும் துறை அங்கேதான் இருந்தது. வழியில் கொச்சி டச்சுக்காரர் வசம். திருவிதாங்கூர்க் கரையில் ஆங்கிலேயருக்கு இருந்த கோட்டை அஞ்சுதெங்கு. இன்றைய திருவனந்தபுரம் மாவட்டத்தில் இன்றும் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது மிளகுக் கிடங்காகவும் செய்தி நிலையமாகவும் பயன்பட்டது. ஆனால் அலை நேரே மோதும் அந்த மணற்கரையில், பாய்மரம் முறிந்த ஒரு படையணிக்கு ஒதுங்க இடமில்லை.

1782 அக்டோபர் நடுவில், சென்னை ஆளுநர் மெக்கார்ட்னியின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல், ஹியூஸ் பம்பாய்க்குக் கிளம்பினார். அதே நாட்களில் அடித்த புயலில், சென்னைக் கரையில் நின்ற நெல் ஏற்றிய நாட்டுக்கப்பல்கள் பல அழிந்தன. ஹைதரின் படையெடுப்பால் ஏற்கெனவே வயல்கள் பாழாகி, ஊர்விட்டு வந்தவர்களால் நகரம் நிரம்பியிருந்தது. பஞ்சம் கடுமையாகியது. அவ்வாண்டு தொடங்கிய கஞ்சித்தொட்டிதான் மணியக்காரர் சத்திரமாக வளர்ந்தது. கடற்படை வரலாறுகள் பெரும்பாலும் கப்பல்களைப் பற்றியே பேசுகின்றன; அந்தப் பருவத்தின் சுமையை உண்மையில் தாங்கியவர்கள் கரையில் பட்டினி கிடந்த மக்கள். கடலியல் நோக்கில் ஹியூஸ் செய்தது சரியே. நின்றிருந்தால் அவர் கப்பல்களும் அழிந்திருக்கும். ஆனால் அவரை அந்த நெருக்கடிக்குள் தள்ளியது, ஆகஸ்டில் அவரே காட்டிய தாமதம். சுஃப்ரேன் அந்தப் பருவத்தைச் சுமத்ராவின் அச்சேயில் கழித்து, ஹியூஸுக்கு முன்பே சோழமண்டலக் கரைக்குத் திரும்பிவிட்டார்.

1783இல் கடலூரில், படையணியை முதலில் காக்கும் பழக்கத்தின் குறை முழுதாக வெளிப்பட்டது. தரையில் தளபதி ஸ்டூவர்ட் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. ஹியூஸிடம் பதினெட்டுக் கப்பல்கள், சுஃப்ரேனிடம் பதினைந்து. ஐந்து போர்களில் எண்ணிக்கை ஹியூஸ் பக்கம் இவ்வளவு சாய்ந்தது இப்போதுதான். ஜூன் 20 அன்று நடந்த போர் யாருக்கும் வெற்றியின்றி முடிந்தது. குடிநீர்த் தட்டுப்பாடும் ஸ்கர்வி நோயும் வாட்டவே, ஹியூஸ் படையணியைச் சென்னைக்குத் திருப்பினார். நோயாளிகள் நிறைந்த கப்பல்களைக் காத்தது பொறுப்பான செயல்தான். ஆனால் அதனால் ஸ்டூவர்ட்டின் படை கடல்வழித் துணையின்றித் தனித்து நின்றது. சமாதானச் செய்தியோடு ஜூன் 29 அன்று மீடியா கப்பல் வராதிருந்தால் முற்றுகை பெருந்தோல்வியாக முடிந்திருக்கலாம்.

போருக்குப் பிந்தைய உடன்படிக்கையில் நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடம் நின்றது. திருகோணமலை டச்சுக்காரருக்குத் திரும்பியது. ஹியூஸ் தாயகம் திரும்பி 1794இல் இறந்தார். ஐந்து போர்களிலும் அவருக்குக் கீழ் பர்ஃபோர்ட் கப்பலைச் செலுத்திய பீட்டர் ரெய்னியர், அதே கடலுக்குத் தலைமைத் தளபதியாக வந்து, 1795 ஆகஸ்டில் திருகோணமலையைக் கைப்பற்றினார். 1957 வரை அது பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்தது.