டைஃபியின் மீசை

மெக்கான்கியில் ரோஸ் காலனி ஒரு பக்கம், நிறமில்லாத காலனி ஒரு பக்கம் என்று பிரித்ததும் பாதி வேலை முடிந்ததாக நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. விஷயமே அதற்குப் பிறகுதான். நிறமில்லாத காலனியை நேர்கம்பியில் தொட்டு, டி.எஸ்.ஐ. குழாயின் அடிவரை குத்தி, சாய்வில் இழுத்துவிட்டு, மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறோமே, அங்கே.

அந்த மீடியத்தின் கஞ்சத்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். லாக்டோஸும் சுக்ரோஸும் 1 சதவீதம், குளுக்கோஸ் மட்டும் 0.1. லாக்டோஸைத் தொடாத டைஃபி அந்தத் துளி குளுக்கோஸைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். அவசரப்பட்டு அப்போதே எடுத்துப் பார்த்தால் குழாய் முழுக்க மஞ்சள், இ.கோலை என்று எழுதிவிட்டுப் போகலாம். பதினெட்டு மணி நேரமாவது பொறுத்தால், அது பெப்டோனில் கை வைத்து, சாய்வு சிவப்புக்குத் திரும்பியிருக்கும். காற்றுப் படாத அடி மஞ்சளாகவே நிற்கும்.

பிறகு அந்த மீசை. சாய்வும் அடியும் கூடும் இடத்தில், குத்திய கோட்டை ஒட்டி, மெல்லிய கறுப்பு இழை. கேஸ் கிடையாது, அகாரில் ஒரு கீறல் கிடையாது. பாராடைஃபி ஏ என்றால் குமிழி விட்டு அகாரைப் பிளக்கும், மீசை முளைக்காது. டைஃபிமூரியம் அடி முழுவதையும் கரியாக்கிவிடும். அதில் எனக்கு ரசிக்க ஒன்றுமில்லை. புரோட்டியஸும் கறுப்பாக்கும்தான், யூரியாவில் போட்டால் ரோஸாகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்ரீரங்கத்தில் நாமம் மூக்கின் மேல் இறங்கியிருக்கிறதா, புருவத்தோடு நின்றுவிட்டதா என்று பார்த்தே தென்கலை, வடகலை சொல்லிவிடுவார்கள். டைஃபியைச் சொல்லவும் அவ்வளவு இடம்தான் இருக்கிறது.

எங்களுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து வரும் டெமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் இருந்தார். ரீடிங் காட்டப் போனால் குழாயைக் கையில் வாங்க மாட்டார். "எத்தனை மணிக்குப் போட்டே?" என்பார். நேரம் சொல்லத் தெரியாதவன் அப்படியே திரும்ப வேண்டியதுதான். மூடியை இறுக்கித் திருகியிருந்தாலும் அதே கதி. சாய்வுக்குக் காற்று வேண்டாமா?

இப்போது மால்டி-டாஃப் சில நிமிடங்களில் பெயர் சொல்லிவிடுகிறது. நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் சால்மொனெல்லா என்பதோடு நின்றுவிடும், டைஃபியா என்று கேட்டால் பதில் வராது. ஷிகெல்லாவையும் இ.கோலையையும் நம்பிப் பிரிக்க அதனால் ஆகாது. ஒரே ஒரு விடாலை வைத்துக்கொண்டு டைஃபாய்டு என்று முத்திரை குத்துபவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஆன்டிசீரம் கட்சியினரிடம் மட்டும் ஒரு சின்ன வழக்கு உண்டு. 1992 கடைசியில் சென்னையில் காலராவாக வந்த கிருமி, பயோகெமிக்கல்ஸ் எதில் போட்டாலும் விப்ரியோ காலரே. டி.சி.பி.எஸ்.ஸில் மஞ்சள், ஆக்சிடேஸ் பாசிட்டிவ். ஓ1 சீரத்தில் மட்டும் திரளவில்லை. சீரம் சொன்னதே முடிவு என்று இருந்தால் அது காலராவே இல்லை. அதுதான் பிறகு ஓ139 என்று பெயர் வாங்கியது.

நம் டெல்டாவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேற்றில் இறங்கி வேலை செய்யும் சர்க்கரை நோயாளி, ஆக்சிடேஸ் பாசிட்டிவ், ஜென்டாமைசினும் கோலிஸ்டினும் இரண்டும் ரெசிஸ்டன்ட். இதை 'சூடோமோனாஸ் இனம்' என்று எழுதி அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பர்க்ஹோல்டேரியா சூடோமலை அப்படித்தான் தப்பிக்கிறது. தட்டை முகர்ந்து பார்க்கிற பழைய வழக்கத்தை இதனிடம் காட்டவே கூடாது. அந்த ஆக்சிடேஸைக்கூட நிக்ரோம் லூப்பால் தேய்த்துவிட்டு, ஊதா வந்தது என்று துள்ளுகிறார்கள். ஒரு மரக்குச்சிக்கா பஞ்சம்?

பிள்ளைகளின் செல்போனில் சுற்றும் டி.எஸ்.ஐ. படங்களில் அடி முழுக்கக் கறுத்த குழாய்தான் 'சால்மொனெல்லா'. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மெல்லிய இழை படுவதில்லை. ஸ்பாட்டரில் மீசை வைத்த குழாயை நிறுத்தினால் பாராடைஃபி ஏ என்று அழகான கையெழுத்தில் எழுதித் தருகிறார்கள். கேஸ் எங்கேப்பா என்றால், அடுத்த ஸ்பாட்டருக்கு நகர மணி எப்போது அடிக்கும் என்று பார்க்கிறார்கள்.