ஒரு சிலிண்டர், இரண்டு சைலன்சர்

யெஸ்டியைத் தன் கையால் பிரித்துப் பார்க்காதவர்கள் இன்ஜினின் அழகைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. மாட்டுக்கொட்டகை ஓரமாய்க் கோழிகள் அடைந்து கிடந்த 1970களின் யெஸ்டி 250 ஒன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் மறுபடி ஓடத் தயாரானது. அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா வண்டியை 1961 முதல் மைசூரில் செய்து வந்தது ஐடியல் ஜாவா நிறுவனம். 1973இல் வண்டி யெஸ்டி என்று பெயர் மாறியது. 1996இல் ஆலையே மூடப்பட்டது. ஆனால் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள், சென்னைப் புதுப்பேட்டையில் நுழைந்து பாருங்கள். எங்காவது ஒரு மூலையிலிருந்து கிளட்ச் பிளேட்டோ கார்பரேட்டரோ வெளியே வரும். வேண்டிய பாகம் கைக்கு வரும் அந்த நொடிக்காகவே எத்தனை சனிக்கிழமை வேண்டுமானாலும் அலையலாம்!

டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க், அவ்வளவுதான். ஹெட்டின் நட்டுகளைக் கழற்றித் தூக்கினால் பிஸ்டனின் தலை கண்ணுக்கு நேராக நிற்கும். அதன்மேல் கெட்டியாய்ப் படிந்த கரியை மூங்கில் சீவலால் மெதுவாகச் சுரண்டச் சுரண்ட, அடியிலிருந்து அலுமினியம் வெள்ளையாய் எட்டிப் பார்க்கிறதே, அடடா! சிலிண்டரின் முன்பக்கம் விரலை விட்டால் புகை வெளியேற இரண்டு வாசல்கள் தட்டுப்படும். ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கு இரட்டைச் சைலன்சர் வந்த ரகசியம் அங்கேதான் இருக்கிறது. படத்தில் எத்தனை முறை பார்த்தாலும் விரல் தொட்டுத் தெரிந்துகொள்வதற்கு ஈடாகாது.

சிலிண்டரை லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரப் பெரியவர் உள்சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, நல்ல வார்ப்பு. இன்னும் ரெண்டு போர் தாங்கும்" என்றார். காதில் தேன் பாய்ந்தது எனக்கு.

கவனமெல்லாம் கிராங்க் ஆயில் சீலில் இருக்க வேண்டும். பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகத்தான் சிலிண்டருக்கு ஏறுகின்றன. சீல் தேய்ந்தால் வெளிக்காற்று புகுந்து இன்ஜின் சூடேறும். கிளட்ச் பக்கத்து ஆயிலை உறிஞ்சிக்கொண்டு சைலன்சர் வெண்புகையாய்க் கக்கும். கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் வளையம் மொத்த வண்டியையும் ஆட்டிவைக்கிறது.

பெயின்ட், நிக்கல், ஸ்போக் எல்லாம் அந்தந்தக் கைகாரர்களிடம் கொடுத்து வாங்கியாயிற்று. டேங்க் துருவுக்குச் சின்ன நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கியது மட்டும் என் வேலை. தெருப் பிள்ளைகள் போட்டி போட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள்.

இந்த வண்டியில் என்னைக் கட்டிப்போட்டது கியர் லீவர். அதை உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அதுவே கிக்கர்! உதைத்து ஸ்டார்ட் ஆனதும் திருப்பிவிட்டால் மறுபடி கியர். அதைவிட அழகு, காலால் லீவரை மிதிக்கும்போதே கிளட்சும் தானாக விடுபடுவது. ஓடும்போது கிளட்சைத் தொடாமலே கியர் மாற்றலாம். மூடியைக் கழற்றி அந்த அமைப்பைப் பார்த்தபோது, இதை யோசித்த மூளைக்குக் கும்பிடு போட்டேன்.

கடைசியில் பாயிண்ட். 0.4 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜைச் செருகி, லேசாய்ப் பிடித்துக்கொண்டு வழுக்கும் பதத்தில் ஸ்குரூவை இறுக்க வேண்டும். பிளக்கை ஹெட்டின்மேல் சாய்த்துவைத்துக் கிக்கரை மிதித்தேன். நீலப்பொறி பளிச்சென்று தாவியது. பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில் கலந்து ஊற்றி உதைத்தால்... 'டுப் டுப் டுப்' என்று எழுந்த சத்தத்துக்கு எதிர்வீட்டுத் தாத்தா, "யாரு, யெஸ்டியா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஒரு சுற்று ஓட்டினார். இறங்க மனமே வரவில்லை அவருக்கு!

15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்சியைப் புதுப்பித்து ஐந்து வருடத்துக்கு வாங்கியிருக்கிறேன். ரன்னிங்-இன் முடிந்ததும் சத்தியமங்கலம் வழியாகத் திம்பத்தின் 27 வளைவுகளிலும் ஏற்றி மைசூருக்கே ஓட்டிப் போகப் போகிறேன். தாத்தா இப்போதே பின்சீட்டுக்குத் துண்டு போட்டுவிட்டார்.