திருத்தொண்டர் புராணத்திற் கயிலைச் செலவு

மலையை இறைவன் திருமேனியாகக் கொண்டு வலம்வருதல் தமிழர்க்குப் பழகிய வழிபாடு. திருவண்ணாமலையைச் சூழ்ந்த 14 கிலோமீற்றர்ப் பாதையில் முழுமதி நாளில் நடப்போர் தொகை மிகப் பெரிது. இவ்வழிபாட்டின் மிகக் கடினமான வடிவம் திபெத்தின் மேற்பாலுள்ள கயிலையை வலம்வருதலாகும். ஏறத்தாழ 6,638 மீற்றர் உயர்ந்த அம்மலையைச் சுற்றியுள்ள பாதை ஏறக்குறைய 52 கிலோமீற்றர் நீளமுடையது. யாத்திரிகர் பலர் அதனை 3 நாளில் நடந்து முடிப்பர். அப்பாதையின் உச்சக் கணவாய் 5,600 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ளது. கடன்மட்டத்திற் கிடைக்கும் உயிர்வளியில் ஏறத்தாழப் பாதியே அங்குக் கிடைக்கும். இந்துக்களும் பௌத்தரும் வலமாகவும், திபெத்தின் பழைய பொன் சமயத்தார் இடமாகவும் சுற்றுவர். யாவரும் சுற்றுவரேயன்றி உச்சியில் ஏறுவாரிலர்.

இந்திய அரசு ஒழுங்குசெய்யும் கயிலை யாத்திரை 1981இல் தொடங்கி நடைபெற்று, 2020இல் நின்று, 2025இல் மீண்டும் தொடங்கிற்று. இலங்கையிலிருந்தும் சிலர் பல இலட்சம் ரூபாய் செலவிட்டுச் சென்று வருகின்றனர். சென்று வந்தார்க்கு ஊரிற் பெருமதிப்பு உண்டாகின்றது. செல்ல இயலாதார் நெஞ்சில் ஒரு குறை எஞ்சுகின்றது. இக்குறை உண்மையானதுதானா என்னும் வினாவிற்குச் சேக்கிழாரின் திருத்தொண்டர் புராணம் தரும் விடை ஆராயத் தக்கது.

அந்நூலின் கட்டுக்கோப்பை முதலில் நோக்குதல் வேண்டும். அது திருமலைச் சருக்கத்தில் தொடங்கி வெள்ளானைச் சருக்கத்தில் முடிகின்றது. தொடக்கத்தில் உபமன்னிய முனிவர் வானிற் பேரொளியொன்றைக் கண்டு தொழுகின்றார். அது கயிலைக்கு மீளும் சுந்தரரின் ஒளி. உடனிருந்த முனிவர் வினவ, அவர் வரலாறு சொல்லப்படுகின்றது. நூலின் இறுதியிலே அதே சுந்தரர் வெள்ளையானைமீது கயிலை சேர்கின்றார். எனவே நூலின் முதலும் முடிவும் ஒரே நிகழ்ச்சியே. இடையில் அடியார் ஒவ்வொருவரது ஊரும், தொழிலும், குலமும், வீடும் வருகின்றன. மலையிற் புறப்பட்டு, தமிழ்நாட்டைச் சுற்றி, மலையிலே முடியும் இந்நூல் தானே ஒரு வலமாக அமைந்துள்ளது எனலாம்.

இனி, கயிலை நோக்கிச் சென்றோர் எய்தியவற்றைக் காண்போம். காரைக்காலம்மையார் இறைவன் உறையும் மலையைக் காலால் மிதித்தல் தகாதென அஞ்சித் தலையினால் நடந்து சென்றார். அவரை இறைவன் ‘அம்மையே’ என்றழைத்தான். அம்மலையைக் கையால் எடுக்க முயன்ற இராவணன் அதன்கீழ் நெரிந்த கதையைச் சம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாட்டிற் பெரும்பாலும் நினைவூட்டுவர். திருக்கோணமலைப் பாறையிலும் இராவணன் வெட்டு என ஒரு பிளவு காட்டப்படுகின்றது. மலையை ஆளக் கருதியவனும் மலைக்குத் தலையைத் தந்தவளும் என இவ்விருவரையும் அருகருகே வைத்து நோக்கினால், வலம்வருவோர் உச்சியில் ஏறாமையின் பொருள் விளங்கும். ஆயின் அம்மையாரும் கயிலையில் தங்கவில்லை. திருவாலங்காட்டிலே தன் ஆடலைக் கண்டிருக்குமாறு இறைவன் அவரைத் தென்றிசைக்கே அனுப்பினான்.

அப்பரின் செலவோ இன்னும் ஆழமானது. காளத்தியை வணங்கிய பின் வடகயிலை காணும் வேட்கை மீதூரப் புறப்பட்டவர், காசிக்கு அப்பால் உடன்வந்தாரை விட்டுத் தனியே நடந்தார். பாதங்கள் பரடுவரை தேய்ந்தன, கைகளால் ஊர்ந்தார். கைகள் மணிக்கட்டுவரை தேய்ந்தன, மார்பினால் உந்தினார். மார்பு நைந்தபின் உருண்டார். உருளவும் இயலாதபோது வழியிற் கிடந்தார். முனிவர் வடிவில் வந்த இறைவன், மானிடர்க்குக் கயிலை அடைதற்கரிது, மீள்க என்றான். காணாது மீளேன் என்றார் அப்பர். அதன்பின்னரே அவர் உடல் பழைய வடிவம் பெற்றது. பொய்கையில் மூழ்குமாறு ஆணை பிறந்தது. மூழ்கியவர் திருவையாற்றில் எழுந்து கயிலைக் காட்சியைக் கண்டார்.

இப்பகுதிக்கு இருவகையாகப் பொருள்கொள்வர். ஒருசாரார் அப்பரின் செலவு முற்றுப்பெறாது நின்றதென்பர். மற்றொரு சாரார், ஐயாற்றிலேயே கயிலையைக் காணலாமெனின் நடந்து செல்லுதல் வீண் என்பர். இரண்டும் பொருந்தா. முதற் கூற்றினர் அப்பர் கண்ட காட்சியைக் கணக்கில் எடுத்திலர். இரண்டாங் கூற்றினர் அவர் தேய்ந்த உடலைக் கணக்கில் எடுத்திலர். நடை வீணாயின் சேக்கிழார் உறுப்புறுப்பாக அதனைக் கூறியிருக்க வேண்டியதில்லை. ஐயாற்றுக்கு அப்பர் முன்னரும் சென்றவரே; அன்று காணாததை இன்று கண்டார். குளக்கரையில் எதிர்ப்பட்ட யானையும் கோழியும் குயிலும் மயிலும் நாரையும் கிளியும் தத்தம் துணையொடு சத்தியுஞ் சிவமுமாகத் தோன்றின. இவை காவிரிக்கரையில் எவரும் நாடோறும் காண்பன. ஊர் மாறவில்லை; நடந்து தேய்ந்து மீண்டவரின் கண் மாறியிருந்தது. இதனையே அந்நெடுவழி அவருக்குத் தந்தது.

சேக்கிழார்மீது ஒரு குறை கூறுதற்கும் இடமுண்டு. அப்பர் சென்ற வழியில் அவர் காட்டுவது பனியன்று. நண்பகல் ஞாயிற்றின் கதிர் நிலப்பிளப்பினுட் புகுந்தெரியும் வெம்மை. இமயத்தின் குளிரும் மூச்சுத் திணறலும் அங்கு இடம்பெறவில்லை. மலையைச் சுற்றிவரும் செய்தியுமில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சோழநாட்டில் வாழ்ந்த புலவர் தாமறிந்த பாலைத்திணையை வடக்கே கொண்டுசென்று வைத்தார் என்றே கொள்ளவேண்டும். நிலநூல் நோக்கில் இது வழுவே. ஆயினும் பிரிவும் வேட்கையும் வருத்தமும் நிகழும் நிலம் பாலையாதலின், அப்பரின் ஆற்றாமைக்கு அது பொருந்திய களமாயிற்று. வழியின் உண்மையை விட்டு வருத்தத்தின் உண்மையைப் புலவர் பற்றினார்.

சுந்தரர் கயிலை சேர்ந்து மீளாதவர். ஆயின் வழியில் அவர் பாடிய பதிகம் மீண்டது. வருணன் அதனைத் திருவஞ்சைக்களத்திற் சேர்ப்பித்தான். குதிரைமீது உடன்சென்ற சேரமான் பெருமாள் கயிலையிற் பாடிய ஞானவுலாவும் மீண்டது. அங்கு அதனைக் கேட்ட மாசாத்தனார் திருப்பிடவூரில் அதனை வெளியிட்டார். ஆகவே கயிலையிலிருந்து ஆளோ பாட்டோ தென்னாட்டிற்குத் திரும்புதலைச் சேக்கிழார் விடாது கூறுகின்றார். அவர் காப்பியத்தில் மலை அடைந்தாரைத் தன்னிடமே அடக்கிவைத்துக்கொள்வதன்று. அவர்வழியே கீழுள்ள ஊர்களுக்கு அருளை அனுப்புவது.

இந்நோக்கிலேதான் திருக்கோணமலை தென்கயிலை எனப்படுதலையும் ஆராய்தல் வேண்டும். இதனைத் தலபுராணக்காரரின் ஊர்ப்பற்று என்று ஒதுக்குவாருமுளர். சம்பந்தர் இராமேச்சுரத்திலிருந்தே, கடல் கடவாமல், கோணமாமலையை உள்ளத்திற் கண்டு பாடினார் என்று சேக்கிழார் கூறுவர். அவர் பாடிய மலையின்மீதிருந்த கோயிலைப் போர்த்துக்கேயர் 1624இல் இடித்தனர். அதன் கற்கள் கோட்டை கட்ட உதவின. அதன்பின் முந்நூறு ஆண்டிற்கு மேலாக அப்பாறையின் உச்சியிற் பழைய கோயில் இல்லை. எனினும் மக்கள் வெறும் பாறையின் விளிம்பில் நின்று பூவும் பழமும் கடலிலிட்டு வணங்கினர். 1956இல் அக்கடலடியிற் பழங்கோயிலின் தூண்கள் காணப்பட்டன. 1963இல் இன்றைய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. கோயில் நீங்கியும் மலை வழிபடப்பட்ட அந்நெடுங்காலம், தென்கயிலை என்னும் பெயருக்கு எப்புராணமும் தராத சான்று தருகின்றது. வடகயிலையின் உச்சியிலும் கோயில் இல்லையன்றோ.

கோணமலையைக் காலால் வலம்வர இயலாது. மூன்று பக்கமும் செங்குத்தான பாறை கடலில் இறங்குகின்றது. அதனாற்போலும், மகாசிவராத்திரியையடுத்துக் கோணேசப்பெருமான் மலையினின்று இறங்கித் திருகோணமலை நகரின் தெருக்களைச் சுற்றி வருகின்றார். வீடுதோறும் நிறைகுடம் வைத்து மக்கள் வரவேற்கின்றனர். மலையைச் சுற்ற மாட்டாதவரை மலையுடையான் சுற்றுகின்றான்.

நிலாவெளிக்கு வடக்கே, களப்புங் கடலுங் கூடும் முகத்தில் இறக்கக்கண்டி என்னும் கரையூர் உள்ளது. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் நோக்கி நடக்கும் அடியார் கிழக்குக் கரையோரமாக முல்லைத்தீவைக் கடந்து, இவ்வழியே வந்து கோணேசரை வணங்கித் தெற்கே செல்வர். போர் நிகழ்ந்த ஆண்டுகளில் அந்நடை தடைப்பட்டும் குறுகியும் போயிற்று. பின் மீண்டும் தொடர்ந்தது. சுடுமணலும் கொதிக்குந் தாரும் உள்ளங்காலைக் கொப்புளிக்கச் செய்யும் இவ்வழிக்குச் சேக்கிழார் காட்டிய பாலை மிக அணித்து. இவ்வூரில் வலை இழுத்தும் தோட்டஞ் செய்தும் வாழும் மூதாட்டி ஒருத்தி அவ்வடியார்க்கு ஒரு செம்பு மோர் வார்ப்பாளாயின், அவளும் அச்செலவிற் பங்குடையவளே. அடியார்க்குத் தண்ணீர்ப்பந்தர் வைத்த அப்பூதியடிகளையும் சேக்கிழார் தம் காப்பியத்தில் நாயன்மாராகவே வைத்துள்ளார்.

வடகயிலை சென்று வந்தோர் போற்றத் தக்கவரே. ஆயின் அவர் சென்றதன் பயன் மீண்டபின் அவர் வாழ்வில் தெரிதல் வேண்டும். திரும்பி வந்தவர் தம் ஊர்க் குளக்கரையில் நிற்கும் நாரையை முன்னிலும் அன்போடு நோக்குவாராயின் அவர் கயிலை கண்டவர். அந்நோக்கு வாய்த்தவர் செல்லாதிருப்பினும் அவர்க்கு யாதொரு குறையுமில்லை என்பதே சேக்கிழாரின் விடை.