தேய்மானம் வேறு, குறை வேறு

சங்க மலருக்குக் காசுகளின் கிரேடு (தரம்) பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். என்னைவிட மூத்தவர்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். காசைத் தரம் பார்க்கக் கற்றுத்தந்த எங்கள் அய்யாவிடம் நேரில் பாடம் கேட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தரம் பார்ப்பதில் நம்மிடம் முதலில் நிலைத்தது ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்று சொல்லும் ஆங்கிலேயர் முறை. பிறகு வந்தது ஷெல்டனின் எண் முறை. அவர் 1949இல் 1 முதல் 70 வரை எண் வகுத்தது அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு சென்ட்டுகளுக்காக; அதுவும் அன்றைய விலை விகிதத்தை வைத்து. அந்த அளவுகோலை இன்று உலகத்துக் காசுகள் எல்லாவற்றின் மீதும் வைக்கிறார்கள்.

அய்யாவின் வழி வேறு. காசைக் கையில் வாங்கியதும் முகத்தைப் பார்க்க மாட்டார். முதலில் விளிம்பு. காசுமாலையில் இருந்த காசானால் கொக்கி பற்றவைத்து அரத்தால் ராவிய தடம் அங்கேதான் தெரியும். அடுத்து பின்புறம், கடைசியில்தான் முகப்பு. குழல்விளக்கு ஆகாது, சன்னல் வெளிச்சம் வேண்டும், காசை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். எழுத்தோ உருவமோ எங்காவது மழுங்கியிருந்தால், “ஏன் இல்லை?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தேய்ந்து போயிருந்தால் மேட்டுப் பகுதி வழவழத்து நிறம் மாறியிருக்கும். அச்சு சரியாக விழாமல் போயிருந்தால் அந்த இடத்திலும் சுற்றுப்பரப்பின் மினுக்கமே இருக்கும். எட்வர்ட் ரூபாயில் காதுக்கு மேலுள்ள முடியும் தாடியும் முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசரின் மார்புச் சங்கிலியில் உள்ள யானையைப் பார்க்க வேண்டும். 1911 ரூபாயில் அந்த யானை பன்றி போலவே அச்சானது. அடுத்த ஆண்டே திருத்தினார்கள். துதிக்கை தேய்ந்துவிட்டது என்று அந்தக் காசின் தரத்தைக் குறைத்துச் சொல்பவர்களை இன்றும் பார்க்கிறேன்.

காசு மாற்றும் சராப்புகள் சோதித்து முத்திரை குத்திய ரூபாயையும் அய்யா ஒதுக்கியதில்லை. தேய்மானத்துக்கு ஒரு தரம் எழுதி, “சராப் குத்து உண்டு” என்று பக்கத்தில் தனியாக எழுதச் சொல்வார்.

கையால் அடித்த காசுகளில்தான் எண் முறை தடுமாறுகிறது. ராஜராஜனின் செம்புக்காசில் தகடு சிறிது, அச்சு பெரிது. நிற்கும் உருவம் முழுதாக விழுந்திருக்கும்; மறுபக்கம் நாகரி எழுத்தில் பாதி தகட்டுக்கு வெளியே போயிருக்கும். இதற்கு ஒரே எண் எதைச் சொல்லும்? தேய்மானம், அச்சு, தகடு, மேற்பரப்பு நான்கையும் தனித்தனியே சொல்ல வேண்டும் என்பது அய்யாவின் பள்ளி. 1808ஆம் ஆண்டுப் பத்துக் காசு இதற்கு நல்ல சாட்சி. இங்கிலாந்தின் சோஹோ நாணயச்சாலையில் அடித்து, சென்னைக்கு அட்மிரல் கார்ட்னர் கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் 1809 ஜனவரியில் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மேலே வந்த அந்தக் காசுகள் ஒரு நாள்கூடச் சந்தையில் புழங்கியவை அல்ல. ஆனாலும் சில புதுக்கருக்கோடு இருக்கின்றன, சிலவற்றை உப்புநீர் அரித்துவிட்டது. இரண்டுமே புழங்காத காசுதான். இரண்டும் ஒரே தரமா?

இனி மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். யாரையும் குறிப்பிட்டு எழுதவில்லை. இன்றும் நாணயமாகத் தொழில் செய்பவர்கள் பலர் உண்டு. ஆனால் புளி, எலுமிச்சை, பற்பசை, அமிலம், பாலிஷ் சக்கரம் என்று எதையும் விடாமல் தேய்த்துப் பளபளக்க வைத்த காசை ‘அன்சர்குலேட்டட்’ என்று அட்டை எழுதி விற்பது பெருகிவிட்டது. செம்பின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த நிறம் ஒரு நிமிடத்தில் போய்விடும், திரும்பி வராது. பாண்டியன் பெருவழுதியின் காசில் இரா. கிருஷ்ணமூர்த்தி படித்துக் காட்டிய தமிழி எழுத்துகள், களிம்பை முரட்டுத்தனமாகச் சுரண்டும் ஒருவர் கையில் முதலில் அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சங்ககாலக் காசு என்று சொல்ல நமக்கு மிஞ்சியிருப்பதே கொஞ்சம். அதையும் வெறும் செம்புத் துண்டாக்கிக்கொண்டிருக்கிறோம். புதிதாக வரும் பிள்ளைகள் காசை வாங்குவதில்லை, பிளாஸ்டிக் பெட்டியில் ஒட்டியிருக்கும் தர எண்ணை வாங்குகிறார்கள். லென்ஸ் இல்லாமல் கண்காட்சிக்கு வருகிறார்கள். இப்படியே போனால் இன்னொரு தலைமுறையில் தமிழ்நாட்டில் கழுவாத செம்புக்காசு ஒன்றும் இருக்காது. அப்புறம் சங்கம் எதற்கு, மலர் எதற்கு?

நிர்வாகிகளிடம் இரண்டு வேண்டுகோள். கண்காட்சியில் மேசை போடுபவர்கள், கழுவிய காசு என்றால் அதைச் சீட்டில் எழுதியே வைக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். அய்யா காலத்தில் மாதக் கூட்டத்தில் ஒரே காசை எல்லோர் கையிலும் கொடுத்து, வாய் திறக்காமல் அவரவர் கணிப்பைத் தாளில் எழுதச் சொல்லி, பிறகே விவாதம் நடக்கும். அதை மறுபடி தொடங்குங்கள். முதல் கூட்டத்துக்கு என் தட்டிலுள்ள ராஜராஜன் காசுகளைக் கொண்டுவருகிறேன்.