கோப்பு நகராத ஏழு ஆண்டுகள்

மும்பையின் தாதர் கிழக்கில் இறங்கினால் போயிவாடா நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். 2000 ஜூலை 25 அன்று சிவசேனைத் தலைவர் பால் தாக்கரேயை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1992-93 மும்பைக் கலவரத்தின்போது அவருடைய 'சாம்னா' நாளிதழில் வந்த தலையங்கங்கள் மீதான வழக்கு. பதற்றத்தில் நகரத்தின் பெரும்பகுதி கடையடைத்திருந்தது. காலவரம்பு கடந்துவிட்டது என்று மாஜிஸ்திரேட் வழக்கை முடித்துவைத்தார். அவ்வளவுதான்.

சமூகங்களிடையே பகை மூட்டுவதற்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 153அ பிரிவில் பொதுவாக மூன்று ஆண்டுவரைதான் தண்டனை. ஆகவே வழக்கெடுக்கவும் மூன்றே ஆண்டு. அதற்கும் அரசின் முன் அனுமதி வேண்டும். இந்த ஏற்பாட்டை நான் முழுதாகக் குறைசொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் எந்த ஆசிரியரையும் ஊர் ஊராகக் கோர்ட்டுக்கு இழுத்தடிக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் அரசியல்வாதி. கலவரத்தின்போது காங்கிரஸ் ஆட்சி. 1995இல் சிவசேனையே ஆட்சிக்கு வந்தது. கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் தாக்கரேயைக் கடுமையாகக் குறைசொன்ன அறிக்கையை அந்த அரசு ஏற்கவேயில்லை. கோப்பு நகர்ந்தபோது ஏழு ஆண்டு ஓடிவிட்டது.

ஆளாத கட்சிக்காரரின் பத்திரிகை என்றால் வேகமே வேறு. ரொமேஷ் தாப்பர் பம்பாயில் நடத்திய இடதுசாரி வார இதழ் 'கிராஸ் ரோட்ஸ்' தன் எல்லைக்குள் நுழையக்கூடாதென்று சென்னை அரசு 1950 மார்ச் 1 அன்று உத்தரவு போட்டது. குடியரசுக்கு அப்போது வயது ஐந்து வாரம்! மே மாதமே உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. தீர்ப்பெழுதியவர் நம்மூர் பதஞ்சலி சாஸ்திரி; வெறும் பொது ஒழுங்கைக் காட்டிப் பேச்சைத் தடுக்க அரசியலமைப்பில் இடமில்லை என்றார். நேரு அரசு மறு ஆண்டே முதல் திருத்தத்தில் 'பொது ஒழுங்கு' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டது. நேர்மையாகச் சொன்னால், 'நியாயமான' என்ற சொல்லும் அதே திருத்தத்தில்தான் வந்தது. கட்டுப்பாட்டை நீதிமன்றம் எடைபோட அதுதான் வழிவிட்டது.

புணேயின் 'சகாள்' நாளிதழ் வழக்கு வேறு மாதிரி. இத்தனை பக்கத்துக்கு இத்தனை விலை என்று 1960இல் ஓர் உத்தரவு வந்தது. பெரிய பத்திரிகை மலிவு விலையில் பக்கங்களை அள்ளிக் கொட்டிச் சிறியதை விழுங்கிவிடக் கூடாது என்பது நோக்கம். நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் விலை ஏறினால் வாசகர் குறைவார், வாசகரை அடைவதும் கருத்துரிமைதான் என்று 1961இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பு சரி. சிறு பத்திரிகையின் கவலை மட்டும் அப்படியே நின்றது.

2024 ஜூலை முதல் 153அ பிரிவு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 196 ஆகிவிட்டது. அனுமதிக் கையெழுத்து இன்னும் அரசிடம்தான்.